சீவிய பென்சில்கள்

கலர் பென்சில் ஓவியம் விற்பவர்கள், அதை வரையத் தூண்டிய உணர்வையும் சேர்த்தே விற்க வேண்டும் என்பது விதி. கண்காட்சியில், நப்பின்னை வரைந்திருந்த, இறந்துபோன தன் தங்கையின் கொலுசுக்கு முன்னால் ஒருவர், வரைந்தவளின் உணர்வை அப்படியே ஊட்டும் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பிறகு சமோசாவைக் கடித்தபடி, "இதவிட சோகமா வேற இருக்காம்மா?" என்றார்.

நப்பின்னை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கண்காட்சி மேலாளர் அவளிடம் குழைந்தார். "அப்பா ஆஸ்பத்திரியில சீரியஸாமே? கூடவே இருங்க மேடம், அடுத்த படம் பிரமாதமா வரும்."

"சீ! நீயெல்லாம் மனுஷனா?" என்று காறித் துப்பாத குறையாகக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை அண்ணன் போன் செய்தான். "அப்பாவுக்கு மூச்சுத் திணறுது, உடனே வா. மருந்துச்சீட்ட மறந்துடாத."

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆட்டோவில் திறந்து பார்த்தபோது மருந்துச்சீட்டு இல்லை. அத்தனை அவசரத்திலும் ஒன்று விடாமல் கூராகச் சீவிய பென்சில்கள் இருந்தன.