தமிழில் அண்ணன் தம்பி

திரையில் லிப்ட் மறுபடியும் பாதி மாடியில் நின்றது.

டப்பிங் அறையில் அவன் மைக்கை நெருங்கினான்.

லிப்டுக்குள் இரண்டு திருடர்கள். நேபிள்ஸ் நகரத்து நகைக்கடையில் கைவைத்துவிட்டு, தப்பிக்கிற அவசரத்தில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிற கட்டடத்து லிப்டிலேயே ஏறித் தொலைத்தவர்கள். கதவிடுக்கில் டார்ச் அடித்து இன்ஸ்பெக்டர் கேட்கிறார்.

“இவன் உனக்கு யாருடா?”

மூத்த திருடன் பதில் சொல்ல வேண்டும். அந்தத் திருடனுக்குத்தான் இவன் குரல்.

இத்தாலிய மூலத்தில் அவர்கள் காதல் ஜோடி. ஒரே வீடு, ஒரே கட்டில், ஓயாத சண்டை. படத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சிரிப்பெல்லாம் திருடத் தெரியாமல் திருடுவதற்குத்தான்.

வழக்கமாக இந்த மாதிரிப் பாத்திரம் வந்தால் குரலை நெளித்துப் பேசச் சொல்வார்கள். கூசிக்கொண்டே பேசிவிட்டு வருவான். இந்தப் படத்தை முதலில் போட்டுக் காட்டிய அன்று அவனுக்கு அழுகை வந்தது. காமெடிப் படத்துக்கு அழுத ஒரே ஆள் அவனாகத்தான் இருக்கும்.

தமிழில் அவர்களை அண்ணன் தம்பி ஆக்கிவிட்டார்கள். முத்தத்துக்குக் கத்தரி.

“என் தம்பி சார்.”

“வாய் இன்னும் ஓடுது” என்றார் டப்பிங் பொறுப்பாளர் உமையாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. “அந்த ஆளு நீளமாப் பேசுறாரு. நீங்களே ஏதாவது போட்டு நிரப்புங்க.”

நிரப்புவது பழக்கம்தான். ‘பாத்துக்கங்க’, ‘நான் சொல்றதக் கேளுங்க’ என்று கைவசம் சில்லறை எப்போதும் இருக்கும்.

இன்று ஒன்றும் வரவில்லை.

காலையிலிருந்தே மனசு ஒரு நிலையில் இல்லை. இவனோடு ஒரே வீட்டில் வாழ்கிற சுடலைமணியின் அம்மா நெல்லையிலிருந்து வருகிறார். முதல் தடவையாக இவர்கள் வீட்டுக்கு. சாயந்தரம் தாம்பரத்தில் மணிக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள்.

அம்மா கேட்டால் உன்னை யாரென்று சொல்வது என்று காலையில் மணி கேட்டான்.

சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே, அண்ணன் மாதிரி என்று சொல்லிவிடு என்றான் இவன்.

“அப்ப பொண்ணு பாக்க நீயும் வா. அண்ணன்தானே.”

மணி கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

திரையில் மறுபடி லிப்ட் நின்றது. டார்ச் அடித்தது. இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“இவன் இல்லேன்னா எனக்கு வீடே இல்ல சார்.”

உதட்டோடு கச்சிதமாக உட்கார்ந்தது.

“நல்லா இருக்கு” என்றார் உமையாள். “ஆனா தம்பி எங்க?”

“விட்டுப்போச்சு மேடம்.”

“தம்பி வேணும். சேனல்ல கேப்பாங்க.”

அடுத்த டேக்கில் தம்பியைச் சேர்த்துச் சொன்னான். பிசிறே இல்லாமல் வந்தது. பக்கத்து வீட்டில், மளிகைக் கடையில், கல்யாணப் பந்தியில் என்று எத்தனை வருஷமாக மணியைத் தம்பி என்று சொல்கிறான், வராமல் எங்கே போகும். தன் குரல் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

ஓகே ஆகிவிட்டது.

வெளியே வந்து மணிக்குப் போன் போட்டான். பெண் பார்க்கக் கிளம்பியிருக்கக் கூடாதே என்றிருந்தது. ரிங் போய்க்கொண்டே இருந்தது.

எடுத்தது மணி இல்லை.

“மணி குளிச்சிட்டிருக்கான். பேரு வாசிக்க முடியல, கண்ணாடி பையில கெடக்கு. யாரு பேசுதிய?”

வயதான குரல். அவசரமில்லாத குரல். பின்னால் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவர்கள் வீட்டுக் குழாய்தான்.

அவன் மாடிப்படியில் உட்கார்ந்தான்.

“அண்ணன் மாதிரி ஒருத்தர் கூட இருக்காருன்னு இப்பத்தான் சொன்னான். அவியளா?”



“நான்தாம்மா. ஆனா அண்ணன் இல்ல” என்றான்.

அங்கே தண்ணீர்ச் சத்தம் நின்றது.