வேலையில்லாத சொல்

தலையில் அடிபட்டு, ஒன்பது நாட்களாக ஆஸ்பத்திரியில் கட்டுடன் படுத்திருந்த தெய்வநாயகத்திடம், மருத்துவர் தினமும் காலையில் பூங்கோதையைக் காட்டி, "இவங்க யாரு சார்?" என்று கேட்டார். அவர் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளை விட அந்த மின்விசிறியில் அப்படி என்ன இருக்கிறதென்று பூங்கோதைக்கு எரிச்சலாக வந்தது.

குறுக்கெழுத்துப் போட்டிக்கு அன்றுதான் கடைசி நாள். பத்திரிகை மாதம் ஒரு சொல்லைக் கொடுக்கும். அதை விடையாகக் கொண்டு புதிர்க்குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். குறிப்பின் ஒவ்வொரு சொல்லும் விடைக்கு வழிகாட்ட வேண்டும். வேலையில்லாமல் ஒரு சொல் இருந்தாலும் குறிப்பு தேறாது. அனுப்பும் முன் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் படித்துக்காட்டுவது வழக்கம். பழக்கதோஷத்தில் அவள் அஞ்சலட்டையில் எழுதியிருந்ததைக் கட்டிலருகே நின்று வாசித்தாள்.

மின்விசிறியிலிருந்து அவர் கண் இறங்கியது.

"அந்த 'மெல்ல' எதுக்குடி? சும்மா நிக்குது."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டு நர்ஸ் ஓடிவந்தாள்.

"உங்க பேரைச் சொன்னாராம்மா?"

"இல்ல. தப்பு கண்டுபிடிச்சாரு."

அவர் சொன்னது சரிதான். அந்தச் சொல்லுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பூங்கோதை பேனாவைத் திறந்து அதன்மேல் கொண்டுபோனாள். பிறகு மூடிவிட்டாள். கீழே இறங்கிப்போய், அஞ்சலட்டையை 'மெல்ல'வோடு அப்படியே தபால்பெட்டியில் போட்டாள்.