சத்தம் போடாத கத்தி

பனி தள்ளும் வண்டிக்கு முந்தின நாள்தான் எளிதில் தேயாத கார்பைடு உலோகத்தில், பனி வழிக்கும் புதுக் கத்தி மாட்டினார்கள். கொர்பிலா நகராட்சியில் அதற்காக மல்லுக்கட்டியவள் சாலைப் பராமரிப்பு அதிகாரி தூய்லிக்கி. பழைய இரும்புக் கத்தி பத்தே நாளில் தேய்ந்துவிடும். இது குளிர்காலம் முழுக்க உழைக்கும். ரப்பரில் பதித்திருப்பதால் ரோட்டைச் சுரண்டும் சத்தமும் இல்லை.

ஆனால், காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு வேறு தலைவலி. வடக்குத் தெருக்களுக்குப் போகவேண்டிய இன்னொரு வண்டி கிளம்பவே இல்லை. அங்கே பள்ளிப் பேருந்து பனியில் புதைந்து நிற்கிறது. அந்த வண்டியை ஓட்டும் ஒப்பந்தக்காரரின் ஓட்டுநர் போனை எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு புகார் அழைப்பு.

"ஏம்மா, புதுக் கத்தி யாரோட வேலை?"

"என்னோடதுதான் சார்," என்றாள், பாராட்டப் போகிறார் என்று நினைத்து.

"உடனே கழட்டுங்க! பழசையே மாட்டுங்க!"

"சத்தம் தாங்கலன்னு ஊரே திட்டிச்சே சார்?"

"அந்தச் சத்தம் என் ஜன்னலத் தாண்டினாத்தான் நான் எந்திரிப்பேன். இன்னிக்கு வண்டி பூனை மாதிரி போயிருக்கு. இப்பத்தான் கண்ணு முழிச்சேன்."

தூய்லிக்கிக்குப் பொறுமை போய்விட்டது. "அலாரம் வெச்சுக்கோங்க! இங்க பிள்ளைங்க பஸ்ஸுல விறைச்சுப்போய் உக்காந்திருக்கு, நீங்க தூக்கத்தப் பத்திப் பேசறீங்க!"

"அலாரமெல்லாம் என் காதுல ஏறாதும்மா. முப்பது வருஷம் உங்க பழைய கத்தியோட மாரடிச்ச காது."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "உங்க பேரு?"

"உர்ஹோ. வடக்குத் தெரு வண்டி டிரைவர். பஸ்ஸு எங்க மாட்டியிருக்கு, சொல்லுங்க. காப்பியக் குடிச்சிட்டு வந்துடறேன்."