பழக்கிய நாய்

அப்பாவின் கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியதும், துபாயிலிருந்து வந்திருந்த மதியழகன் அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தான். வாசலில் படுத்திருந்த ரோஜர் எழுந்து உள்ளறைக்கு ஓடியது. ஆணியில் தொங்கிய அப்பாவின் தோல் பெல்ட்டைக் கவ்வி வந்து அவன் மடியில் வைத்தது. "பாத்தியாம்மா, அப்பாவோட நாய் என்னையும் ஏத்துக்கிச்சு" என்று அடுக்களையைப் பார்த்துச் சிரித்தான். நாய் அதோடு நிற்கவில்லை. அடுக்களைக்குள் போய், அம்மாவின் முந்தானையைச் சேலை கிழியாமல் பதமாகக் கவ்வி இழுத்து வந்தது. ஈரக் கையோடு வந்த அம்மா, நாற்காலியை நிமிர்ந்தும் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"அம்மா, நான்தாம்மா."

"தெரியுதுப்பா. பழகிருச்சு" என்றாள், திரும்பாமலே.

ரோஜர் வாலை ஆட்டியபடி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.