பிரிக்காத சாக்பீஸ் பெட்டி

மொட்டைக் கடுதாசியில் இருந்தது அத்தனையும் உண்மைதான். அதில் டிப்டி இன்ஸ்பெக்டர் வீரபத்திரனுக்குப் பரம திருப்தி.

"பாம்பன் பள்ளி ஆசிரியை சேதுலட்சுமி மூன்று வருஷமாகப் போர்டில் ஒரு எழுத்து எழுதவில்லை. வகுப்பில் கடற்கரை மணலைக் கொட்டி வைத்திருக்கிறார். ரிஜிஸ்டரில் பெயரில்லாத ஒரு பிள்ளையை உட்கார வைத்திருக்கிறார்."

கடுதாசி கிடைத்த நாலாம் நாள் ரயிலேறிவிட்டார். சஸ்பெண்ட் ஆர்டர் டைப் அடித்துப் பையில் தயார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

வகுப்பில் கால் வைத்ததுமே ஷூவுக்குள் மணல் புகுந்தது. போர்டு நேற்றுதான் கடையிலிருந்து வந்ததுபோல் இருந்தது. மேஜைமேல் சாக்பீஸ் பெட்டி, ஒட்டின காகிதம்கூடக் கிழியாமல்.

"ஏம்மா, சாக்பீஸைத் தொட்டா கை தேஞ்சு போயிருமா?"

"இல்ல சார்."

"சுதந்திரம் வந்து பத்து வருஷமாச்சு. இன்னமும் மணல்ல எழுதுற பள்ளிக்கூடமா!"

பிள்ளைகள் ஈர மணலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இதுகளுக்கு என்ன தெரியப்போகிறது என்று வீரபத்திரன் கேள்விகளை வீசினார். ஆறுகள், தலைநகரங்கள், பதினாறாம் வாய்ப்பாடு. எதைக் கேட்டாலும் முன்வரிசைப் பெண் ஒருத்தி அவர் வாயை மூடுவதற்குள் பதில் சொன்னாள். அவருக்கு எரிச்சலாகிவிட்டது.

"உன் பேரென்ன?"

"சாலிஹா சார். படகுக்கார ஹமீது மக."

ரிஜிஸ்டரைப் புரட்டினார். சாலிஹா இல்லை. வசமாக மாட்டினாள் டீச்சர்!

உற்சாகத்தில் சாக்பீஸ் பெட்டியைப் பல்லால் கிழித்தார். போர்டில் பெரிதாக ஒரு கழித்தல் கணக்கு எழுதினார்.

"இதைப் போடு, பார்ப்போம்."

"சார், இங்கன மணல்ல எழுதுங்க."

"ஏன், போர்டுல எழுதினா மகாராணிக்குக் கண்ணு தெரியாதோ?"

"தெரியாது சார். பொறந்ததுலேர்ந்தே."

வீரபத்திரனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இஸ்திரி போட்ட கால்சட்டையோடு குந்தி உட்கார்ந்து, முந்நூற்று நாலிலிருந்து நூற்று அறுபத்தெட்டைக் கழிக்கும்படி மணலில் விரலால் எழுதினார். அவள் விரல் அந்தப் பள்ளங்களைத் தடவிக்கொண்டே போனது.

"நூத்தி முப்பத்தாறு சார்."

அவர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல்விட்டுப் பார்த்துக்கொண்டார். சரிதான்.

"இந்தப் பிள்ளை பேரை ஏம்மா சேர்க்கல?" குரல் இறங்கியிருந்தது.

"சேர்க்கலாமான்னு கேட்டு ஆபீசுக்கு ஏழு மனு போட்டேன் சார். ஒண்ணுக்கும் பதில் இல்ல. சித்திரையில அஞ்சாவது முடியுது. பேர் இல்லாட்டி சர்டிபிகேட் இல்ல. மேல எங்கயும் இவள சேத்துக்க மாட்டாக."

வீரபத்திரனுக்கு அந்த மனுக்கள் ஞாபகம் வந்தன. ஒன்றிரண்டின்மேல் அவருடைய காபி டம்ளரின் வட்டம்கூட இருக்கும். உள்ளபடியே வெட்கமாகிவிட்டது. சஸ்பெண்ட் ஆர்டரை எடுத்தார். திருப்பினார். பின்பக்கத்தில் அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாலிஹாவின் பெயரையும் அவர் கையாலேயே ரிஜிஸ்டரில் ஏற்றினார்.

மை காயும்வரை சேதுலட்சுமி அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்ட வெட்கம் போக ஏதாவது வீரம் பேசியாக வேண்டுமே!

"டீச்சர், உங்களப் போய்ப் போட்டுக்கொடுத்தானே, அவன நான் விடப்போறதில்ல. எவன்னு கண்டுபிடிச்சு உண்டு இல்லன்னு பண்ணிர்றேன்!"

சேதுலட்சுமி ரிஜிஸ்டரை மூடிப் பத்திரமாக மடியில் வைத்துக்கொண்டாள்.

"தேட வேணாம் சார். அத எழுதுனது நான்தான். ஏழு மனுவுக்கு வராதவுக, ஒரு மொட்டைக் கடுதாசிக்கு நாலே நாள்ல வந்துட்டீகல்ல?"