ஒரு அதட்டல்

“உங்க பசங்க என்ன பண்ணிட்டு வந்திருக்காங்க தெரியுமா மேடம்?”

பிரின்சிபால் கேட்டபோது உமா மகேஸ்வரி நின்றுகொண்டே தலையாட்டினாள். அவளுக்குத் தெரியும். அந்தமானின் இந்தச் சின்ன ஊர், மாயாபந்தர் முழுக்கத் தெரியும்.

போன வாரம் பன்னிரண்டாம் வகுப்பில் அழுத்தக் குழுக்கள் பற்றிய பாடம். மனு, கையெழுத்து வாங்குவது, பத்திரிகைக்குச் சொல்வது, ஊர்வலம், கடைசியில் தர்ணா. வருஷா வருஷம் சொல்கிற அதே வரிகள். அவளுக்கே கொட்டாவி வந்தது. முடித்துவிட்டு, “டவுட் இருக்கா?” என்று வாய்ப் பழக்கத்தில் கேட்டாள். யாரும் எப்போதும் எதுவும் கேட்டதில்லை.

அன்றைக்கு விஜயகுமாரி எழுந்தாள்.

“மேடம், எங்க ஊரு போட் ஜெட்டிக்கு இதெல்லாம் பண்ணலாமா?”

அவள் ஊர் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம். படகு அணையும் துறையான அந்த ஜெட்டி சுனாமியில் உடைந்தது. ஐந்து வருஷமாகியும் கட்டவில்லை. தண்ணீர் வற்றிவிட்டால் முழங்கால் சேற்றில் இறங்கித்தான் படகேற வேண்டும். போன மழைக்காலத்தில் விஜயகுமாரியின் அண்ணியைப் பிரசவ வலியோடு அந்தச் சேற்றில்தான் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரி வந்து சேர்வதற்குள் குழந்தை போய்விட்டது.

“பண்ணலாமே,” என்றாள் உமா. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மனு, கையெழுத்து என்றெல்லாம் பிள்ளைகள் காத்திருக்கவில்லை. நேற்று வகுப்பே திரண்டு போய், ஜெட்டி கட்ட வேண்டிய இன்ஜினியர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டது. ‘ஜெட்டி பனாவோ! ஜெட்டி பனாவோ!’ ஜெட்டி கட்டு என்று இந்தியில் ஒரே கோஷம்.

இன்ஜினியர் ராஜமாணிக்கம் வெளியே வந்து இந்தியில் காட்டுக் கத்தல் கத்தினாராம். போலீஸைக் கூப்பிடுவேன், ஸ்கூலை விட்டே தூக்கச் சொல்வேன் என்று. அவ்வளவுதான், ஒவ்வொருவராக எழுந்து வந்துவிட்டார்கள். விஜயகுமாரி வழியெல்லாம் அழுதாளாம்.

“இன்ஜினியர் சாப் உங்களை நேர்ல வரச் சொல்றார்,” என்றார் பிரின்சிபால். “போய் ஒரு மாஃபி கேட்டுட்டு, மன்னிச்சுடுங்கன்னு சொல்லிட்டு வந்துடுங்க. உங்களுக்கு போர்ட் பிளேர் டிரான்ஸ்பர் வர்ற நேரம். நான் வேற எதுவும் சொல்லலை.”

அவர் வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பகுதியில் அப்பாவோடு இருக்கும் மகள், ‘எப்பம்மா வருவே?’ என்று கேட்பதைக்கூட இப்போது நிறுத்திவிட்டாள்.

ஆபீஸ் மேட்டில் ஏறும்போது உமா தன்னையே திட்டிக்கொண்டாள். டவுட் இருக்கா என்று ஏன்தான் கேட்டோமோ!

இன்ஜினியர் அவளை உட்காரச் சொல்லவில்லை. பக்கத்தில் கிளார்க் நின்றிருந்தார்.

“நீங்கதான் அந்த டீச்சரா?” குரல் வராந்தா வரை கேட்டது. “என்ன பாடம் நடத்துறீங்க நீங்க? கவர்மென்ட் ஆபீஸ் வாசல்ல பசங்களை உட்கார வைக்கிறதா படிப்பு?”

“நான் அனுப்பலை சார்...”

“பின்னே யாரு அனுப்பினா? நானா?”

கிளார்க் தலையைக் குனிந்துகொண்டார்.

“சின்னப் பசங்க சார். விவரம் தெரியாம செஞ்சுட்டாங்க. மன்னிச்சுடுங்க.” அண்ணியின் குழந்தையைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தாள். மகளின் முகம் வந்தது. சொல்லவில்லை. “இனிமே இந்தப் பக்கமே வர மாட்டாங்க. நான் பொறுப்பு.”

 இன்ஜினியர் கிளார்க்கிடம் திரும்பி, “நீங்க போய் டீ சொல்லுங்க,” என்றார்.

கிளார்க் போனதும் எழுந்து கதவைச் சாத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் இன்னும் களைத்துக் கிடந்தது.

“உட்காருங்க டீச்சர்,” என்றார். குரல் இப்போது கதவைத் தாண்டாது. “வர மாட்டாங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

உமா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“அந்த ஜெட்டிக்காக நானும் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேன். ஒவ்வொரு மீட்டிங்கிலும் மேலே ஒரே பதில்தான். ‘அங்கே ஜனங்க சும்மாதானே இருக்காங்க, உமக்கென்ன அவசரம்?’ நேத்துதான் முதல் தடவையா வாசல்ல ஒரு சத்தம் கேட்டுச்சு. ஆபீஸே பார்க்குது, நான் திட்டித்தானே ஆகணும்? திட்டிட்டு உள்ளே வந்து பத்திரிகைக்காரருக்கு போன் போட்டுட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், ஒருத்தரையும் காணோம்!”

“போலீஸ்னு சொன்னீங்களாம் சார். பயந்துட்டாங்க.”

“போலீஸ் வரும். யார் மேலயும் கை வைக்க மாட்டாங்க, பேசி வெச்சிருக்கேன்.”

வராந்தாவில் டீ கிளாஸ் சத்தம் நெருங்கியது. இன்ஜினியர் அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“நாளைக்கு, ஜெட்டிக்குப் பணம் ஒதுக்க வேண்டிய பெரிய சாப் போர்ட் பிளேர்லேர்ந்து கப்பல்ல வர்றார். நாளைக்கும் நான் கத்துவேன், நேத்தைவிட மோசமா. எழுந்திருக்கக் கூடாதுன்னு அந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்புங்க, டீச்சர்!”