சின்ன மாப்பிள்ளை போட்ட பாலீஷ்

"என்னங்க அது, வெள்ளையா?"

மனைவி கேட்ட பிறகுதான் சின்ன மாப்பிள்ளை பாலீஷ் மெஷினை நிறுத்தினார். நிறுத்தி என்ன பிரயோஜனம்? காரின் கருநீலப் பானட்டின் முன் ஓரத்தில், பெரிய நாணயம் அளவுக்குப் பெயின்ட் மொத்தமாகப் போய், அடியில் இருந்த வெள்ளைப் பூச்சு பல்லை இளித்துக்கொண்டிருந்தது.

"அழுக்கா இருக்கும். துடைச்சா போயிடும்."

துடைத்தார். போகவில்லை. போவதற்கு அங்கே மிச்சம் என்ன இருக்கிறது?

தப்பு எங்கே என்று அவருக்கே தெரியும். பாலீஷ் போடக் கற்றுக்கொள்ளப் பார்த்த வீடியோவில் அந்த ஆள் தலைப்பாடாக அடித்துக்கொண்டான். ஓரத்தில் பெயின்ட் மெல்லிசாக இருக்கும், முதலில் டேப் ஒட்டு, மெஷினை ஒரே இடத்தில் வைக்காதே, அமுக்காதே என்று. இவர் பானட் நடுவில் வந்த பளபளப்பைப் பார்த்து மயங்கி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஓரம் வரை போய், அமுக்கியும் விட்டார்.

சொந்தக் கார் என்றால் தலையில் அடித்துக்கொண்டு போய்விடலாம். இது மாமனார் கார். பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார் என்று சொன்னால் அதுகூடத் தப்பு. அவருக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் அவனையே இந்தக் காரைத் தொட விட்டிருக்க மாட்டார்.

அப்பேர்ப்பட்டவர் நேற்று எல்லார் முன்னாலும் சாவியை நீட்டி, "சின்ன மாப்பிள்ளையே பாலீஷ் போடட்டும், அவர் பார்த்துப்பார்" என்று சொல்லிவிட்டார்.

பெரிய மாப்பிள்ளை விடுவாரா? "போடட்டும் மாமா. வேலை போனதுல இருந்து வீட்டுல சும்மாதானே இருக்காரு. ஆனா அதுக்கெல்லாம் கை பழகியிருக்கணும். நாளைக்கு நானே வந்து பார்க்கிறேன்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் காலையிலிருந்து சின்ன மாப்பிள்ளையை விரட்டிக்கொண்டிருந்தது. வேலை போய், மாமனார் வீட்டு மாடியில் குடியிருக்கிற மனுஷனுக்கு மிச்சம் இருப்பது மரியாதை ஒன்றுதான். அதுவும் இன்றோடு சரி.

"பாப்பாவோட நீல ஸ்கெட்ச் பேனா இருக்கு, கொண்டு வரவா?" என்றாள் மனைவி.

கொண்டு வந்தாள். தீட்டினார். பள்ளிக்கூடப் படத்து வானம் மாதிரி ஒரு நீலம் வந்தது. இதற்கு வெள்ளையே தேவலை என்று அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் வண்டி வந்து நின்றது. கடைக்குப் போயிருந்த மாமனாரை வழியில் ஏற்றிக்கொண்டு பெரிய மாப்பிள்ளை வந்துவிட்டார்.

சின்ன மாப்பிள்ளைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"முடிஞ்சுதா மாப்பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே மாமனார் முன்னால் வந்தார். பின்னால் வந்த பெரிய மாப்பிள்ளையிடம் கடைக்காரன் கதையைத் தொடர்ந்தபடியே பானட் ஓரத்தில் வலது கையை ஊன்றி நின்றுகொண்டார்.

சரியாக அந்த இடத்தில்.

பேச்சு சுவாரசியத்தில் வைத்த கை. எடுத்தால் தீர்ந்தது கதை. சின்ன மாப்பிள்ளை அந்தக் கையையே பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை.

"உள்ள போய் உட்காரலாமே சகலை" என்று பெரியவரைக் கிளப்பப் பார்த்தார்.

"உட்காரவா வந்தேன்?" பெரியவர் செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு காரைச் சுற்ற ஆரம்பித்தார்.

கெட்ட நேரத்துக்கு மனைவி டீயோடு வந்தாள். மாமனார் இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"உட்கார்ந்து குடிங்கப்பா."

"இருக்கட்டும்மா. காரைப் பார்த்துக்கிட்டே குடிக்கிறேன்."

இந்த மனுஷனுடைய கார்ப் பைத்தியத்துக்கு ஒரு அளவே இல்லையா என்று சின்ன மாப்பிள்ளைக்கு எரிச்சலாக வந்தது. அரை மணி அந்தப் பக்கம் போனால் பெயின்ட் கடைக்காவது ஓடலாம்.

பெரியவர் கதவைப் பார்த்தார், டிக்கியைப் பார்த்தார், எக்கிக் கூரையையும் பார்த்தார். ஒரு குறையும் அகப்படவில்லை. முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் முன்பக்கம் வந்தார்.

"கொஞ்சம் நகருங்க மாமா. இங்கயும் பார்த்துடறேன்."

"முட்டி பிடிச்சிருக்கு மாப்பிள்ளை. கையை ஊணினாத்தான் நிக்க முடியுது. நீங்க அந்த ஓரத்தைப் பாருங்க."

மாமனாரின் சட்டைப்பையில் போன் அடித்தது. இடது கையில் டீ. போனை எடுக்க வலது கைதான் பாக்கி.

"போன் அடிக்குது மாமா" என்றார் பெரியவர்.

"அடிக்கட்டும்."

அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடியும் அடித்தது. மாமனார் நிதானமாக டீயை உறிஞ்சினார்.

பெரியவர் விளக்கை அணைத்தார். "ம்... பரவாயில்லை சகலை. நான்கூட என்னவோ நினைச்சேன்." அதைச் சொல்வதற்குள் அவருக்கு வாய் கோணிப்போயிற்று. வேலை இருக்கிறது என்று உடனே கிளம்பியும் விட்டார்.

சின்ன மாப்பிள்ளைக்குப் பாதி உயிர்தான் திரும்பி வந்தது. மீதிப் பாதி இன்னும் அந்தக் கைக்கு அடியில் கிடந்தது. எப்படியும் தெரியத்தான் போகிறது, நாமே சொல்லித் தொலைத்துவிடலாம் என்று பக்கத்தில் போனார்.

"மாமா, ஒரு விஷயம்..."

"இருங்க. அவர் வண்டி தெரு முனை திரும்பிடுச்சா, பாருங்க."

எட்டிப் பார்த்தார். "திரும்பிடுச்சு மாமா."

"அப்ப நான் கையை எடுத்துடவா மாப்பிள்ளை? மரத்தே போச்சு."